மலிவுக்குப் பின்னால் உள்ள காரணம்: பிரிட்டன் மாதிரி ரயில் கடைகளில் வாங்குதல்

பிரிட்டனின் மாதிரி ரயில் கடைகளில் விலை குறைத்து வைக்கப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் கடையைச் சேர்ந்ததா, பொருளைச் சேர்ந்ததா என்று பிரித்தறிந்தால் மலிவாக வாங்கும் வேலையில் பாதி முடிந்துவிடும். அட்டைப்பெட்டி கிழிந்துவிட்டது, புதுச் சரக்குக்கு இடம் வேண்டும், அதே இன்ஜினின் மேம்பட்ட பதிப்பு வரப்போகிறது என்பவையெல்லாம் கடைக்காரரின் நெருக்கடிகள். அவற்றால் இறங்கிய விலை வாங்குபவருக்கு நிகர லாபம். பல்சக்கரம் விரிந்துவிட்டது, அடிச்சட்டம் உப்பிவிட்டது என்பவை பொருளின் குறைகள். விலைச்சீட்டில் மிச்சமான பணம் பழுதுபார்க்கும்போது கையைவிட்டுப் போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி பலிக்கும்.

அளவு முதலில்

கடைக்குள் நுழையும் முன்பே முடிவாகியிருக்க வேண்டியது அளவு. பிரிட்டனில் அதிகம் புழங்குவது ஓஓ. அசல் ரயிலின் ஓர் அடி இதில் 4 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது; விகிதம் ஏறத்தாழ 1:76. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக உள்ள எச்ஓ அளவின் விகிதம் 1:87. ஆனால் தண்டவாள இடைவெளி அதே 16.5 மில்லிமீட்டர்தான். ஆகவே எச்ஓ வண்டி ஓஓ தண்டவாளத்தில் தடையில்லாமல் ஓடும். மற்ற வண்டிகளோடு கோத்தால் மட்டும் குட்டையாகத் தெரியும். கடையின் மலிவுத் தொட்டியில் கிடப்பவற்றில் இப்படி வழிதவறி வந்தவை கணிசம். இத்தாலியின் லீமா நிறுவனம் 1970-களில் முதலில் வெளியிட்ட பிரிட்டிஷ் மாடல்களே எச்ஓ அளவில் வந்தவைதான். பிறகே அது ஓஓவுக்கு மாறியது. சந்தேகம் வந்தால் அளவு தெரிந்த ஓர் ஓஓ ரயில்பெட்டியைப் பக்கத்தில் நிறுத்திக் கூரை உயரத்தை ஒப்பிட்டால் போதும்.

சிறிய அளவான என் கேஜிலும் இதே சிக்கல் உண்டு. தண்டவாளம் எல்லா நாட்டிலும் 9 மில்லிமீட்டர். விகிதம் பிரிட்டனில் 1:148, ஐரோப்பாவில் 1:160.

இன்னொரு கண்ணி மூன்று தண்டவாளம். 1938-ல் வந்த ஹார்ன்பி டப்லோ, 1959-ல் இரண்டு தண்டவாள முறைக்கு வரும்வரை நடுவில் மூன்றாவது தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரம் எடுத்தது. அந்தக் காலத்து வண்டிகளின் உலோகச் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இல்லை. இன்றைய தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். பழமை சேகரிப்பவருக்கு அது பொக்கிஷம். ஓட்ட நினைப்பவருக்கு அலமாரிப் பொம்மை.

புதுச் சரக்கு ஏன் மலிகிறது

புதிய நீராவி இன்ஜின் மாடல் ஒன்று இன்று எளிதில் 200 பவுண்டைத் தொடுகிறது. பெரிதாக இருந்தால் தாண்டவும் செய்கிறது. அந்த விலையில் பத்து இன்ஜின் அலமாரியில் தூங்கினால் சிறு கடைக்காரரின் முதல் முடங்கிப்போகும். அதனால் புதுச் சரக்கில் தள்ளுபடி என்பது பெரும்பாலும் முடங்கிய முதலை மீட்கும் முயற்சியே.

முடக்கத்துக்கு முதல் காரணம் போட்டி. ஒரே இன்ஜினைப் பல நிறுவனங்கள் செய்வது இங்கே வழக்கம். கிளாஸ் 37 டீசலை லீமா செய்தது, பாக்மன் செய்தது, பிறகு அக்யூராஸ்கேல் புதிய அச்சில் வெளியிட்டது. ஒவ்வொரு புது அச்சும் வரும்போது முந்தையதன் மதிப்பு சரிகிறது. முந்தையது கெட்டுப்போய்விடவில்லை, நுட்ப விவரங்களில் ஒரு படி பின்தங்கியது, அவ்வளவே. ஓர் அடி தூரத்திலிருந்து ஓடுவதைப் பார்ப்பவருக்கு அந்த ஒரு படி பெரும்பாலும் தெரியாது. புது அச்சு அறிவிக்கப்பட்டதும் பழைய பதிப்பைத் தேடத் தொடங்குவது, பொறுமையுள்ளவர்களின் மிக நம்பகமான உத்தி.

இரண்டாவது காரணம் எண். இன்ஜின்களின் பக்கவாட்டில் அசல் வண்டியின் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே எண்ணில் இரண்டு இன்ஜின் இருப்பதை யாரும் விரும்புவதில்லை. அந்த எண்ணை வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டால் மிச்சம் தேங்கும். எண் மாற்றும் ஒட்டுத்தாள் சில பவுண்டில் கிடைக்கிறது. ஒரு மாலை நேர வேலை.

மூன்றாவது, இடம். 1923 முதல் 1948-ல் அரசுடைமையாகும் வரை பிரிட்டனின் ரயில்கள் பெரும்பாலும் நான்கு பெரிய கம்பெனிகளின் கையில் இருந்தன. ரசிகர்களின் பற்று இன்றும் அந்த எல்லைகளை ஒட்டியே ஓடுகிறது. மேற்குக் கடலோரக் கடையில் கிரேட் வெஸ்டர்ன் பச்சை நிறம் வந்தவுடன் போய்விடும். கிழக்குப் பகுதிக் கம்பெனியின் சரக்குப் பெட்டி அங்கே தூசி படிந்து கிடக்கக்கூடும். கடைகள் தாமே சொல்லிச் செய்விக்கும் சிறப்பு வேகன்களும் இந்த வகைதான். ஊர் நிலக்கரி வியாபாரியின் பெயர் தாங்கிய வேகன், சில நூறு மட்டும் தயாரிக்கப்பட்டதாகச் சான்றிதழோடு வரும். பெயருக்குச் சொந்தமான ஊரில் அதற்கு மவுசு. வேற்றூரில் அது வெறும் வேகன். ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு அந்தச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை. அதற்காக ஒரு பென்னிகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மலிவு வரிசை என்று நிறுவனமே பெயரிட்டு விற்பவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஹார்ன்பியின் ரெயில்ரோடு வரிசையில் உள்ள பலவும் பழைய அச்சுகளிலிருந்து வந்தவை; 1996-ல் டாபோலிடமிருந்தும் 2004-ல் லீமாவின் வீழ்ச்சிக்குப் பிறகும் ஹார்ன்பி வாங்கிய அச்சுகள் அவற்றில் அடக்கம். உடல் பழசு, மோட்டார் புதுசு. குழந்தைகள் கையாளப்போகும் ரயிலுக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை.

பழைய இன்ஜின்களும் அவற்றின் குணங்களும்

உண்மையான மலிவு கடையின் செகண்ட் ஹேண்ட் அலமாரியில்தான். அங்கே விலையைவிடத் தயாரிப்பாளரின் பெயரும் காலமும் முக்கியம்.

டிரையாங், டிரையாங் ஹார்ன்பி என்ற பெயர்களில் 1950-களிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை வந்தவை முரட்டுத் தயாரிப்புகள். அவற்றில் பரவலாக இருந்த எக்ஸ்04 மோட்டார் திறந்த கட்டமைப்பு உடையது. கரித்துண்டு பிரஷ் மாற்றலாம், எண்ணெய் விடலாம், கம்பி கருகாதவரை மீட்கலாம். அரை நூற்றாண்டு கடந்தும் ஓடுபவை ஏராளம். தோற்றத்தில் நுணுக்கம் எதிர்பார்க்கக் கூடாது. சக்கர விளிம்பின் ஆழமும் அதிகம்.

1970-களின் பிற்பகுதியிலிருந்து ஹார்ன்பி பல இன்ஜின்களில் மோட்டாரை நிலக்கரி வண்டியான டெண்டருக்குள் வைத்தது. ரிங்ஃபீல்டு என்று பெயர். இன்ஜினை டெண்டர் தள்ளிக்கொண்டு போகும். சத்தம் அதிகம். டெண்டர் சக்கரங்களில் மாட்டிய ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகி உதிரும்; சக்கரம் சுழன்றும் வண்டி நகராது. ஓடாத இன்ஜின் என்று அடிமாட்டு விலைக்குப் போடப்பட்டவற்றில் சிலவற்றுக்குத் தேவை இந்த வளையமும் கொஞ்சம் துடைப்பும் மட்டுமே. உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது.

லீமாவின் டீசல்கள் உடல் வடிவத்தில் அவற்றின் காலத்துக்கு நன்றாக இருந்தன. உள்ளே இருந்த தட்டை மோட்டார் இரைச்சல் மிக்கது. சில சக்கரங்களில் மட்டும் மின்சாரம் எடுப்பதால் அழுக்குத் தண்டவாளத்தில் திணறும். பழைய சிடி பிளேயரின் மோட்டாரை எடுத்து லீமாவுக்குள் பொருத்துவது பிரிட்டிஷ் ரசிகர்களிடையே நன்கு அறியப்பட்ட கைவேலை. அதில் ஆர்வம் உள்ளவருக்கு லீமா வரப்பிரசாதம். திருப்புளி பிடிக்காதவர் தள்ளி நிற்பது நல்லது.

அதிகக் கவனம் வேண்டுவது மெயின்லைன் என்ற பெயரில் 1970-களின் இறுதியில் வந்தவையும், அதே அச்சுகளைத் தொடர்ந்து பயன்படுத்திய தொடக்ககால பாக்மன் இன்ஜின்களும். அடிச்சட்டம் இடம், வலம் என இரண்டு உலோகப் பாதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து மின்சாரத்தைச் சுமக்கும். இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் நடுவில் பிளாஸ்டிக் குழல் ஒன்று இணைக்கும். அந்தக் குழல் வயதானால் வெடிக்கும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று விலகி, இணைப்புத் தண்டுகள் இழுபட்டு, இன்ஜின் நொண்டும். வெளித்தோற்றம் அழகாக இருப்பதால் இவை ஏமாற்றும். பாக்மன் பின்னாளில் அடிச்சட்டத்தைப் புதிதாக வடிவமைத்தது. அட்டைப்பெட்டியில் டிஜிட்டல் முறைக்குத் தயார் எனப் பொருள்படும் டிசிசி ரெடி என்ற சொல் அச்சிட்டிருந்தால் புதிய வடிவம் என்று கொள்ளலாம். இரண்டுக்கும் கடையில் விலை வித்தியாசம் பல சமயம் சொற்பம்தான். அந்தச் சொற்பத்தைக் கொடுத்துவிடுவதே சிக்கனம்.

திருத்த முடியாத குறை ஒன்று உண்டு. மசாக் எனப்படும் துத்தநாகக் கலவையில் வார்க்கும்போது ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, கடைசியில் உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஹார்ன்பி பொருள்களில் இது பரவலாகத் தெரிந்த குறை. ஆனால் பழசுக்கு மட்டும் உரியதல்ல: 2000-களின் நடுவில் வந்த ஹார்ன்பி கிளாஸ் 31 டீசலின் அடிச்சட்டங்களிலும் இது தலைகாட்டியது. அடிச்சட்டம் நீண்டுவிடுவதால் உடலின் முனை வெளியே தள்ளப்பட்டிருக்கும், அல்லது இன்ஜின் வில்போல லேசாக வளைந்திருக்கும். சமதளத்தில் வைத்துக் கண்ணை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பசை, வண்ணம், எண்ணெய் எதுவும் இதைத் தடுக்காது. உடல் மட்டும் தேவைப்பட்டால் வாங்கலாம்.

கல்லாவில் சோதித்தல்

பழைய பொருள் விற்கும் நல்ல கடைகளில் சோதனைத் தண்டவாளம் இருக்கும். ஓட்டிக் காட்டச் சொல்வது அங்கே இயல்பான வேண்டுகோள். யாரும் முகம் சுளிப்பதில்லை. வேகமாக ஓடுவதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கிட்டத்தட்ட நிற்கிற வேகத்தில், முன்னும் பின்னும், ஓரிரு நிமிடம் ஓட வேண்டும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தயங்கினால் இணைப்புத் தண்டிலோ பல்சக்கரத்திலோ கோளாறு. ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு நின்றால் பெரும்பாலும் அழுக்குதான், துடைத்தால் தீரும். மோட்டார் சுழலும் சத்தம் கேட்டு வண்டி நகராவிட்டால் பல்சக்கரம் விட்டுப்போயிருக்கிறது. கருகிய வாடை வந்தால் அங்கேயே கீழே வைத்துவிடலாம்.

ஓட்டிய பிறகு அட்டைப்பெட்டி. பெட்டிமீதுள்ள தயாரிப்பு எண்ணும் உள்ளே இருக்கும் வண்டியும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். புதிய பெட்டியில் பழைய இன்ஜின் குடியேறியிருப்பது அபூர்வமல்ல. ஹார்ன்பியின் ஆர்2000 வரிசை எண்கள் 1990-களின் இறுதியில் தொடங்கியவை, ஆர்3000 வரிசை பெரிதும் 2010-களுக்கு உரியது. வாங்குபவரே பொருத்திக்கொள்ளும்படி வரும் சிறு பாகங்கள் ஒரு பையில் இருக்கும். பை பிரிக்காமல் இருந்தால் வண்டி அதிகம் ஓடவில்லை என்பதற்கு அது ஓரளவு சாட்சி. கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு, தாங்கல் முட்டு ஆகிய மூன்றும்தான் முதலில் உடைபவை.

டிஜிட்டல் முறையான டிசிசியில் ஒரு சின்ன லாபம் ஒளிந்திருக்கிறது. ரெடி என்றால் சாக்கெட் மட்டும் உண்டு; ஃபிட்டட் என்றால் டிஜிட்டல் கட்டளைகளைப் படிக்கும் டிகோடரும் உள்ளே இருக்கிறது. முந்தைய உரிமையாளர் டிகோடர் பொருத்தியிருப்பதைப் பெட்டி சொல்லாது. கடையும் சில சமயம் அதை விலையில் சேர்ப்பதில்லை. சாதாரண டிகோடரே 20 பவுண்டுக்கு மேல், ஒலியெழுப்புவது 100 பவுண்டை ஒட்டி வரும். சாக்கெட் 8 முனையா, 21 முனையா, நெக்ஸ்ட்18 வகையா என்று கேட்டுக்கொள்வது பின்னால் அலைச்சலைக் குறைக்கும்.

கலப்புத் தொட்டியும் தோற்றுப்போன கிட்டும்

பெட்டியில்லாத வேகன்கள் குவிந்த தொட்டி பல கடைகளில் உண்டு. ஐந்து முதல் பத்து பவுண்டுக்குள் எடுத்துவிடலாம். வேகனில் மோட்டார் இல்லை. கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் சக்கரத்தை உலோகச் சக்கரமாக மாற்றினால் ஓட்டமும் திருந்தும், தண்டவாளமும் அவ்வளவு அழுக்காகாது. இணைப்புக் கொக்கி மட்டும் ஒத்துப்போக வேண்டும். 2000-க்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் கழற்றி மாட்டும் பொருத்துமுனை இருப்பதால் கொக்கியை மாற்றுவது எளிது. முந்தையவற்றில் திருகவோ வெட்டவோ நேரும்.

முந்தைய உரிமையாளர் தன் கையால் துரு, கரி, அழுக்கு பூசிப் பழசாக்கிய வண்டிகள் பொதுவாக விலை இறங்கும். வேலை நன்றாக அமைந்திருந்தால் இது அநியாய மலிவு: இன்னொருவரிடம் பணம் கொடுத்துச் செய்விக்கும் வேலை இலவசமாக வருகிறது.

இதைவிடச் சுவையானது தோற்றுப்போன கிட். பித்தளைத் தகட்டிலோ வெள்ளை உலோகத்திலோ ஒருவர் கட்டத் தொடங்கி, கோணலாக முடித்துவிட்ட இன்ஜின். பார்க்கச் சகிக்காது என்பதால் யாரும் தொடுவதில்லை. ஆனால் அடியில் ராம்ஃபோர்டு சக்கரங்களும் நல்ல கியர்பாக்ஸும் இருந்தால் அவற்றின் புது விலையே கேட்கும் தொகையைத் தாண்டக்கூடும். வெள்ளை உலோகத்தை எபாக்ஸி பசையால் ஒட்டியிருந்தால் கொதிநீரில் போட்டு மூட்டுகளைப் பிரித்து, புதிதாகக் கட்டலாம். மோட்டாரை முதலில் கழற்றிவிட வேண்டும்.

தண்டவாளமும் கன்ட்ரோலரும்

பழைய தண்டவாளம் வாங்கப்போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். ஒட்டினால் இரும்பு, ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வர்; வாங்கலாம். உயரமும் பார்க்க வேண்டியது: கோடு 100 என்பது தண்டவாளம் 0.1 அங்குல உயரம், கோடு 75 என்பது 0.075 அங்குலம். லீமா, டிரையாங் காலத்து ஆழ விளிம்புச் சக்கரங்கள் கோடு 75 தண்டவாளத்தின் பிடிகளில் தட்டித் தட்டிப் போகும். பழைய வண்டிகளை ஓட்டும் எண்ணம் இருந்தால் கோடு 100 பாதுகாப்பு. ஏற்கெனவே ஜல்லி ஒட்டப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்ட தண்டவாளம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். புதியதே அவ்வளவு விலை இல்லை. பாதை மாற்றும் பாயிண்டுகள் விலை கூடியவை என்பதால் அவற்றில் தேடுவதற்குப் பலன் உண்டு. நாக்குத் தண்டவாளங்கள் இருபுறமும் அழுத்தமாகச் சென்று சேர்கின்றனவா, உள்ளிருக்கும் சுருள்வில் உயிரோடு இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தால் போதும்.

பழைய கன்ட்ரோலர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். எச் அண்ட் எம் டியூயட் போன்ற பழம்பெரும் கருவிகள் இன்றும் ஓடுகின்றன, சில பவுண்டுக்குக் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் அவை வீட்டு மின்சாரத்தை நேரடியாக உள்ளே வாங்குபவை. வயர் உறை விறைத்து வெடித்திருந்தாலோ, வயர்கள் 1970-க்கு முந்தைய முறைப்படி சிவப்பும் கறுப்புமாக இருந்தாலோ, தகுதியான மின்பணியாளர் பார்க்காமல் பிளக்கில் செருகக் கூடாது. புதிய எளிய கன்ட்ரோலர் ஒரு இன்ஜினின் விலையில் சிறு பகுதிதான்.

எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

சிறப்புக் கடைகளுக்கு அப்பால் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அறக்கட்டளைக் கடைகள்: நன்கொடையாக வந்ததை விற்பவை. முன்பெல்லாம் இங்கே கண்மூடித்தனமான மலிவு இருந்தது. இப்போது ஊழியர்கள் இணைய விலையைப் பார்த்துவிட்டே சீட்டு ஒட்டுகிறார்கள். மற்றொன்று, தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில் பாதைகள். அவற்றின் நிலையங்களில் பழைய புத்தகக் கடையோடு நன்கொடை மாடல்களும் விற்பதுண்டு. பணம் இன்ஜின் பராமரிப்புக்குப் போகிறது. அங்கே பேரம் பேசாமல் இருப்பது மரியாதை.

கடைகளில் ஒற்றைப் பொருளுக்கு விலை குறைக்கச் சொல்லும் பழக்கம் பிரிட்டனில் குறைவு. கேட்டாலும் பெரிதாகக் கிடைக்காது. நான்கைந்து பொருளைக் கல்லாவில் அடுக்கிவிட்டு, எல்லாம் சேர்த்து என்ன விலைக்குத் தருவீர்கள் என்று கேட்டால் நிலைமை மாறும். தேங்கிய சரக்கு மொத்தமாகக் கிளம்புவது கடைக்காரருக்கும் நிம்மதி. கையில் உள்ள பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கடை கொடுக்கும் தொகை அது விற்கும் விலையைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். பிரிட்டனுக்கு வந்துபோகும் பயணிகள் விற்பனை வரியைத் திரும்பப் பெறும் வசதி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2021 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. சென்னைக்கோ கொழும்புக்கோ கொண்டுபோக வாங்குபவர்கள் அந்தக் கழிவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கடையை மூடும் விற்பனைகளில் நிதானம் தேவை. 1946-ல் லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ் போன்ற பெரிய பெயரே 2024 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தது. மூடும் கடையில் விலை நன்றாக இறங்கும். ஆனால் மறுமாதம் கோளாறு வந்தால் போய்க் கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே வேகனும் கட்டடமும் வாங்கலாம், இன்ஜினைக் கண்ணெதிரே ஓட்டிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

நடந்துகொண்டிருக்கும் கடையில் வாங்குபவருக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வியாபாரி விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். பொருள் குறையுடையது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதன்பின் பழுதுபார்த்தோ மாற்றியோ தர ஒரு வாய்ப்பைக் கடைக்கு அளிக்க வேண்டும். பழைய பொருளுக்கு வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தையே எதிர்பார்க்க முடியும். விற்கும்போதே சுட்டிக்காட்டிய குறையைப் பிறகு காரணமாகச் சொல்ல முடியாது; உதிரிபாகத்துக்கு மட்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தால், ஓடவில்லை என்ற புகார் செல்லாது. தனிநபரிடம் வாங்கினால் இந்தத் தர உரிமைகள் கிடையாது. நேரில் பார்த்து வாங்கியதை மனம் மாறித் திருப்பித்தரும் உரிமையும் இல்லை. அது கடையின் தயவு. ஆகவே சீட்டில் எழுதியிருப்பதை வாங்கும் முன் முழுதாகப் படித்துவிட்டு, ஓட்டிப் பார்த்த விவரத்தை ரசீதிலேயே குறித்துத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.